காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மனைவியை இழந்தவன்

பரேலில் ஒரு மருத்துவக் கல்லூரி, மூன்றாம் மாடி.
இன்று என் மனைவி பதினோரு முறை சாகவேண்டும்.
பெயர் சுனிதா. வயது முப்பத்தெட்டு. டெங்கு.
தாளில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.
ஒரு சாவுக்கு எழுபது ரூபாய்,
மதியச் சாப்பாடு தனி.

(நிஜத்தில் எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.
மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை நாடகங்களில்
போலீஸ்காரன், புரோக்கர்,
ஒருமுறை எமன்.)

முதல் பையன் நின்றுகொண்டே சொன்னான்.
கண் என் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தில்.
"மல்ட்டி ஆர்கன் ஃபெயிலியர்" என்றான்,
ரயில் தாமதத்தை அறிவிக்கிற குரலில்.
தாளில் உள்ளபடி நான் கேட்டேன்:
"அப்போ வீட்டுக்கு எப்ப கூட்டிட்டுப் போகலாம்?"
அவனுக்கு வேர்த்துவிட்டது.

நான்காவதாக வந்தவன்
கல்லூரி நாடகத்தில் கோப்பை வாங்கியவனாம்.
குரல் சரியான இடத்தில் உடைந்தது.
கை என் தோளுக்கு வந்தது, விளக்கு விழும் கோணத்தில்.
இமையில் ஒரு சொட்டு நின்றது, விழாமல்.
நானே அவனைத் தேற்ற வேண்டியதாயிற்று.

நிலோஃபர் மணியடித்தாள்.
அவளும் மேடைக்காரி. இந்த வகுப்பு அவள் யோசனை.
"அழச் சொல்லலை. அவர் பேசும்போது
நீ என்ன செஞ்சே?"
"என் அடுத்த வரியை நினைச்சேன்."
"அதான்" என்றாள்.

மேடையேறிய எவனுக்கும் தெரியும்:
வசனம் பேசுகிறவனை வசனம் பார்த்துக்கொள்ளும்.
கேட்டுக்கொண்டு நிற்கிறவன் பாடுதான் பாடு.
கையை எங்கே வைப்பது,
மூச்சை எப்போது விடுவது,
ஒரு கணம் மனசு வெளியே டீ குடிக்கப் போனாலும்
கடைசி வரிசைக்குத் தெரிந்துவிடும்.

ஆறாவது சாவுக்கும் ஏழாவதுக்கும் நடுவில்
சப்பாத்தி, முளைகட்டிய பயறு.
எட்டாவது பெண் நான்கு முறை 'அங்கிள்' என்றாள்.
ஒன்பதாமவன் "எங்களால் முடிந்தவரை" என்று
தொடங்கிய வாக்கியம் கடைசிவரை முடியவில்லை.

எனக்கு நடந்தது சயானில், ஒரு வராந்தாவில்.
தம்பி இருதயராஜ். குர்லா வண்டியிலிருந்து விழுந்தவன்.
ஒரு வெள்ளைக் கோட்டு நடந்துகொண்டே சொன்னது:
"பேஷண்ட் எக்ஸ்பயர் ஹோ கயா."
என் கையில் அப்போதுதான் வாங்கிவந்த மாத்திரை அட்டை.
திருப்பிப் பார்த்தேன்,
அடுத்த மார்ச் வரை தேதி இருந்தது.
"தேதி இருக்கே சார்" என்று
அவர் முதுகிடம் சொன்னேன்.

நாலே முக்காலுக்குப் பதினோராவது.
தன்வி. சாங்க்லிப் பக்கம். திக்குவாய்.
நாற்காலியை இழுத்தாள், கால் தரையில் கிறீச்சிட்டது.
எல்லோரும் சிரித்தார்கள், அவளும்.
என் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.
போனைக் கவிழ்த்து வைத்தாள்.
தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்:
"கூட யாராவது வந்திருக்காங்களா?"

பத்துச் சாவிலும் தவறாத வசனம்
எனக்கு மறந்துபோனது.
"இருதயம் எப்படி இருக்கான்?" என்றேன்.

அறையில் ஃபேன் சத்தம் மட்டும்.
அவள் தாளைப் பார்க்கவில்லை,
நிலோஃபரைப் பார்க்கவில்லை.
அந்தப் பெயரை,
அவள் நாக்குக்குப் பழகாத ஐந்து எழுத்தை,
திக்கித் திக்கி முழுசாகச் சொன்னாள்.
பிறகு இந்தியில் இருப்பதிலேயே
குழந்தைக்கும் புரியும் சொல்லை எடுத்து
இறந்துவிட்டான் என்றாள்.

அப்புறம் அவள் எதுவும் சொல்லவில்லை.
எதுவும் சொல்லாமல் அங்கேயே இருந்தாள்.
கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.
நிலோஃபர் மணியடிக்க மறந்தாள்.

மதிப்பெண் தாள் வந்தது.
முகம் பார்த்துப் பேசினாரா, ஐந்துக்கு எத்தனை.
குரலின் அளவு, ஐந்துக்கு எத்தனை.
இடைவெளி விட்டாரா.
பென்சில் நுனி உடைந்தது, வேறு வாங்கினேன்.

எழுநூற்று எழுபது ரூபாய்க்கு
ஞானதிரவியம் என்று கோணலாகக் கையெழுத்து.
'குறிப்புகள்' என்ற கட்டம் மட்டும் பாக்கி.
ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
எழுதினேன்:
நாற்காலிக் காலுக்கு ரப்பர் போடவும்.